ஜெர்மனியில் சில ஆண்டுகள்: இளம் தம்பதி அன்றாடத்தையும் நட்பையும் அமைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

கம்பெனி அனுப்பும் இரண்டு ஆண்டு வேலைக்கோ மூன்று ஆண்டு ஆராய்ச்சிக்கோ ஜெர்மனிக்குக் குடிபோகும் தம்பதிகளுக்கு விசா, வீடு, வங்கிக் கணக்கு பற்றிச் சொல்லித்தர ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். வந்த சில மாதங்களில், டிசம்பர் ஞாயிறு ஒன்றில், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கடைகள் பூட்டியிருக்கும். பேசுவதற்கு எதிரில் இருக்கும் துணையைத் தவிர வேறு முகம் இருக்காது. அந்த மாலையை எப்படிக் கடப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இது அதற்கான வழிகாட்டி.

"எப்படியும் திரும்பிப் போகப்போகிறோம், இங்கே யாரிடம் பழகி என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சை நம் தம்பதிகளிடம் அடிக்கடி கேட்கலாம். நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். ஜெர்மானியர்களோடு நட்பு கனிய ஓராண்டாவது ஆகும். கையில் இருப்பதே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் என்றால், வந்த மாதத்திலேயே விதை போட்டாக வேண்டும். நிரந்தரமாகக் குடியேறுபவர்கள் பொறுத்திருக்கலாம். குறுகிய காலம் தங்குபவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

முதல் படி: தபால்பெட்டியில் இருவர் பெயரும்

வீட்டுக்குள் போன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதை அன்மெல்டுங் என்கிறார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் இதற்குத் தேவை. பெரிய நகரங்களில் முன்பதிவு நேரம் கிடைப்பது கடினம் என்பதால், வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே இணையத்தில் நேரம் பிடியுங்கள். இந்தப் பதிவுக்குப் பிறகுதான் வரி எண் தபாலில் வரும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது தபால்பெட்டியை. ஜெர்மன் அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். நம் ஊர்ப் பெயர் வழக்கமோ வேறு. கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் அப்பாவின் பெயர் இருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பாவின் பெயர் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவர்கள் சம்பந்தமில்லாத இரண்டு பேர். பெட்டியில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவருடைய வரி எண், காப்பீட்டு அட்டை, குடியிருப்பு அனுமதி பற்றிய கடிதம் எல்லாம் "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பிப் போய்விடும். எனவே பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயர்களையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் போடச் சொல்லிக் கட்டடப் பராமரிப்பாளரிடம் முதல் நாளே கேளுங்கள். அதுவரை கையால் எழுதி ஒட்டி வையுங்கள்.

இது கடிதத்தோடு நிற்கும் விஷயம் இல்லை. பக்கத்து வீட்டார் முதலில் படிப்பது அந்த மணிப் பலகையைத்தான். அங்கே பெயர் இல்லாதவர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாதவராகவே இருந்துவிடுவார். மேலும், குடும்பப் பெயர் சொல்லி அழைக்கும் நாடு என்பதால் உங்களை உங்கள் அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஓராண்டு கழித்துத் திருத்துவது இரு தரப்புக்கும் சங்கடம்.

பணம், காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு முறை மருத்துவக் காப்பீட்டில் இருப்பவருடைய சம்பாதிக்காத துணைவர் தனிக் கட்டணம் இல்லாமல் அதே காப்பீட்டில் சேரலாம். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, இது வீட்டுக்கு ஒன்றுதான். இருவருக்கும் தனித்தனியே கடிதம் வரும். ஒருவர் கட்டத் தொடங்கியதும் மற்றவர் அந்தக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும். பிறருக்கு நாம் விளைவிக்கும் சேதத்துக்கான தனிநபர் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள். ஒரே பாலிசியில் இருவரும் அடங்கலாம். நண்பர் வீடு மாறும்போது உதவப் போய் அவருடைய டிவியைக் கீழே போட்டுவிட்டால் அதற்கும் பொருந்துமா என்று கேட்டு எடுங்கள். இங்கே நட்பு வளரும் முக்கியமான இடங்களில் வீடு மாற்றும் நாளும் ஒன்று. "சனிக்கிழமை பெட்டி தூக்க வர முடியுமா" என்று ஒரு ஜெர்மானியர் கேட்டால், அவர் உங்களை நெருங்கிய வட்டத்தில் சேர்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். மறுக்காமல் போங்கள்.

இரண்டாம் படி: கட்டடத்துக்குள் நாலு பேர்

குடிவந்த முதல் வாரத்தில், வேலை நாள் மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள், இருவருமாகச் சேர்ந்து மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீட்டு மணிகளை அழுத்தி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இரண்டு நிமிடம் நின்று பேசினால் போதும். உள்ளே அழைக்க மாட்டார்கள். அதை அவமதிப்பாக நினைக்க வேண்டாம். "ஸீ" என்ற மரியாதை வடிவத்திலேயே பேசுங்கள். ஒருமைக்கு மாறலாம் என்று சொல்வது வயதில் மூத்தவரின் உரிமை.

கட்டட விதிகளை மதிப்பதுதான் இங்கே நட்புக்கு முதல் தகுதி. பொதுவாக இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். ஞாயிறன்று சுவரில் துளை போடுவது, ஆணி அடிப்பது, தேங்காயை ஓங்கி உடைப்பது எல்லாம் பக்கத்து வீட்டாருக்குச் சாதாரண நாளைவிடப் பத்து மடங்கு பெரிதாகக் கேட்கும். மாவரைப்பதைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குப்பையைப் பிரிக்கும் முறையைக் கட்டடத்தில் ஒருவரிடம் நேரில் கேளுங்கள். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. சொல்லித்தர எல்லாருக்கும் ஆசை இருக்கும். ஸ்டுட்கார்ட் பக்கம் குடியிருந்தால் கேர்வோகே என்று ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து மாடிப்படியைக் கூட்டித் துடைப்பார்கள். உங்கள் முறை வரும்போது கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். முடித்ததும் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். அந்தப் பலகையைச் சும்மா மாட்டிவிட்டு வராமல் மணியை அழுத்தி ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

நான் எல்லாருக்கும் சொல்லும் ஒரு வழி பார்சல். நீங்கள் வெளியே போயிருக்கும்போது பார்சல் வந்தால், கூரியர்காரர் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஒரு சீட்டைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். அதில் வாங்கியவர் பெயர் கிறுக்கலாக இருக்கும். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல் அந்த மாடிகளின் பார்சல்கள் எப்போதும் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் யாருடையது, எத்தனை மணிக்கு வந்தது என்று பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். என் மனைவிக்கு அவரோடு ஏற்பட்ட பழக்கம் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றபடியேதான் வளர்ந்தது. முதலில் நன்றி, பிறகு வானிலை, பிறகு பார்சலில் என்ன என்ற கேள்வி. ஊரிலிருந்து வந்த முருங்கைக்கீரைப் பொடியை விளக்கத் தெரிந்த அளவு ஜெர்மனில் விளக்கியபோது அவர் ஒரு நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டார். வீட்டுக்குள் போனது அதற்குப் பல மாதம் கழித்துத்தான். பகலில் வீட்டில் இருக்கும் துணைவர் மற்றவர்களுடைய பார்சலை வாங்கி வைக்கத் தொடங்கினால், சில வாரங்களில் கட்டடமே அவர் பெயரைத் தெரிந்துகொள்ளும்.

உபரிச் சாவி ஒன்றை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஜெர்மன் வீட்டுக் கதவுகளில் வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது. அசையாத குமிழ்தான் இருக்கும். குப்பை போட வெளியே வந்து கதவு சாத்திக்கொண்டால் வெளியேதான் நிற்க வேண்டும். ஞாயிறன்று பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால் பெரிய தொகை கேட்பார். சாவியைக் கொடுப்பதால் காசு மிச்சமாவது ஒரு பக்கம். "உங்களை நம்புகிறேன்" என்று அதைவிடத் தெளிவாக இந்த ஊரில் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: வேலை இல்லாமல் வந்தவருக்குச் சொந்தமாக ஒரு நாள்

தம்பதியில் ஒருவர் வேலைக்கு வருகிறார். மற்றவர் தன் வேலையை விட்டுவிட்டு உடன் வருகிறார். பெரும்பாலும் அது மனைவி, சில வீடுகளில் கணவர். வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் ஒரு நாளை ஆயத்தமாகத் தருகிறது: போகும் இடம், சாப்பிடும் நேரம், பெயர் தெரிந்த பத்துப் பேர். மற்றவருக்குக் காலை எட்டரைக்குக் கதவு சாத்தியதும் பத்து மணி நேரம் வெறுமையாக நீள்கிறது. வெளிநாட்டில் தம்பதிக்குள் வரும் மனத்தாங்கல்களில் பாதி இந்தப் பத்து மணி நேரத்திலிருந்தே கிளம்புகின்றன. எனவே இந்தப் படியைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் குடியிருப்பு அட்டையைப் பாருங்கள். ப்ளூ கார்டு (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைவர், குடும்ப இணைப்பு விசாவில் வந்தால், எந்த வேலையும் செய்யலாம். தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. அட்டையிலோ அதோடு வரும் தாளிலோ வேலை அனுமதி உண்டு என்ற வரி இருக்கும். "டிபென்டன்ட்தானே, வேலை செய்யக் கூடாது" என்று வேறு நாட்டு அனுபவத்தை வைத்துச் சிலர் சொல்வதைக் கேட்டு ஓராண்டு சும்மா இருந்தவர்கள் உண்டு. ப்ளூ கார்டுக்காரரின் துணைவருக்கு விசாவுக்கு முன் ஜெர்மன் தேர்வும் கட்டாயமில்லை. ஆனால் அந்தச் சலுகையைப் பயன்படுத்தி மொழியே படிக்காமல் இருந்துவிடுவது தனக்குத் தானே செய்துகொள்ளும் அநியாயம்.

மொழி வகுப்புக்கு முதலில் போக வேண்டிய இடம் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே. ஊராட்சியும் நகராட்சியும் ஆதரிக்கும் மக்கள் கல்விக்கூடம் இது. நாடு முழுவதும் 800க்கும் மேல் இருக்கின்றன. கட்டணம் தனியார் பள்ளிகளைவிடப் பெரும்பாலும் குறைவு. இணைய வகுப்பு, கைபேசிச் செயலி இருக்க இது எதற்கு என்று கேட்காதீர்கள். வாரத்தில் நான்கைந்து காலை வேளைகள் நேரில் நடக்கும் தீவிர வகுப்பில் சேருங்கள். மொழியோடு கிடைப்பது பக்கத்து நாற்காலி. உக்ரைனிலிருந்து வந்தவர், பிரேசிலிலிருந்து வந்தவர், துருக்கியிலிருந்து வந்தவர், எல்லாருமே உங்களைப் போல ஊரில் புதியவர்கள். எல்லாருமே நட்பைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். பிழையான ஜெர்மனில் பேசிச் சிரித்து வளரும் இந்த நட்புகளே பலருக்கு முதல் நட்புகள். வேலைக்குப் போகிறவரும் வாரத்தில் ஒரு மாலையாவது வகுப்புக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழும்.

அடுத்து, பணம். சம்பாதிக்காதவருக்கும் சொந்த வங்கிக் கணக்கு, சொந்தக் கைபேசி எண், சொந்தச் சாவி, சொந்தப் பயண டிக்கெட் வேண்டும். நாடு முழுவதும் உள்ளூர், வட்டாரப் போக்குவரத்துக்குச் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. 2025இல் 58 ஆனது, 2026இல் 63. ஒருவர் பெயரில் வாங்கியதை மற்றவர் பயன்படுத்த முடியாது. "வெளியே போகிறவர் ஒருவர்தானே, இன்னொன்று வீண் செலவு" என்று கணக்குப் போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த டிக்கெட் கையில் இருந்தால்தான் மற்றவர் வெளியே போகிறவராக ஆவார். ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் தம்பதி வரி வகுப்பை மூன்று-ஐந்து (சம்பாதிப்பவருக்கு மூன்று, துணைவருக்கு ஐந்து) என்று மாற்றிக்கொண்டால் மாதாமாதம் கைக்கு வரும் தொகை கூடும். ஆண்டு முடிவில் வரிக் கணக்குத் தாக்கல் செய்வது மட்டும் கட்டாயமாகிவிடும். கூடும் தொகையில் ஒரு பங்கைக் கேட்காமலேயே துணைவரின் கணக்குக்கு மாதாமாதம் போகும்படி செய்துவிடுங்கள். தோழியோடு காபி குடிக்கக் கணவரிடம் காசு கேட்க வேண்டியிருந்தால் அந்தக் காபிக்கு யாரும் போக மாட்டார்கள்.

நான்காம் படி: வாரத்தில் ஒரு மாறாத மணிநேரம்

ஜெர்மானியர்கள் வேலையையும் சொந்த வாழ்க்கையையும் பிரித்து வைப்பவர்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாகப் போகிறவர் மாலையில் உங்களை வீட்டுக்கு அழைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பின் அவர்கள் எங்கே நண்பர்களைப் பிடிக்கிறார்கள்? பள்ளியில், பிறகு ஃபெராயின் எனப்படும் சங்கங்களில். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பது சட்டம். பதிவான சங்கங்களின் எண்ணிக்கை நாட்டில் 6 லட்சத்துக்கும் மேல். பாட்டு, மேசைப்பந்து, தோட்டம், சதுரங்கம், தீயணைப்பு என்று எதற்கும் சங்கம் உண்டு. 1869இல் தொடங்கிய ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். மலையே இல்லாத நகரங்களிலும் அதன் கிளைகள் நடைப்பயணம் போகின்றன.

சேரும் முறை எளிது. ஊர்ப் பெயரையும் உங்களுக்குப் பிடித்த விஷயத்தையும் போட்டுத் தேடுங்கள். பயிற்சி நேரத்தைப் பாருங்கள். முன்னோட்டமாக ஓரிரு முறை கலந்துகொள்ளலாமா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மொழி வராது என்று தயங்குபவர்களுக்குச் சேர்ந்திசைக் குழுவைச் சிபாரிசு செய்கிறேன். வார்த்தைகள் தாளில் இருக்கின்றன, இடைவேளையில் பேச வேண்டிய நேரமோ கொஞ்சம்தான். பேட்மின்டனுக்கும் இதே வசதி. கிரிக்கெட் சங்கங்களும் இப்போது பல நகரங்களில் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் நம் துணைக்கண்டத்து ஆட்களே இருப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். சங்கமே வேண்டாம் என்றால், பல நகரங்களில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடக்கும் பார்க்ரன் இருக்கிறது: 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தே முடிக்கலாம். முடித்த பிறகு காபிக் கடைக்குப் போகும் கூட்டத்தோடு போங்கள். ஓட்டத்தை விட்டாலும் காபியை விடாதீர்கள். பலகை விளையாட்டுகளில் இந்த நாட்டுக்கு உள்ள மோகம் இன்னொரு வாசல். எஸ்ஸென் நகரில் அதற்கென்றே ஆண்டுதோறும் பெரிய கண்காட்சி நடக்கிறது. நூலகங்களிலும் காபிக் கடைகளிலும் விளையாட்டு மாலைகள் உண்டு.

தம்பதிக்கு என் கணக்கு இதுதான்: இருவரும் சேர்ந்து போக ஒன்று, தனித்தனியே போக ஆளுக்கு ஒன்று. எல்லா இடத்துக்கும் ஜோடியாகவே போனால் இருவரும் ஒருவரோடொருவர் தமிழில் பேசிக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவீர்கள். தனியாகப் போகிறவர்தான் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புவார். மூன்று மாதம் தவறாமல் போங்கள். முதல் நான்கு வாரங்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். "போன வாரம் காணோமே" என்று ஒருவர் கேட்கும் நாளில் வேலை பாதி முடிந்தது. குறுகிய காலம் தங்குபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல சங்கங்களில் உறுப்பினர் பதவியை ஆண்டு இறுதியில்தான் முடிக்க முடியும், அதற்கும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். சேரும்போதே அந்த விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அழைப்பதும் போவதும்

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று நாம் சொல்வது அன்பு. இங்கே அதைக் கேட்பவர் காலண்டரை எடுத்து "எந்த நாள்?" என்பார், அல்லது பேச்சுக்குச் சொன்னது என்று விட்டுவிடுவார். தேதியும் மணியும் சொல்லி அழையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு நாள் சொன்னால், அது ஆர்வமின்மை என்று நினைக்காதீர்கள். அவர்கள் எழுதி வைத்துக்கொண்டால் வந்தே தீருவார்கள். மூன்றரை என்றால் மூன்றரைக்கு மணி ஒலிக்கும். நீங்கள் போகும்போதும் அப்படித்தான்.

முதல் அழைப்புக்கு இரவுச் சாப்பாடு வேண்டாம். ஞாயிறு பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குக் காபியும் கேக்கும் சாப்பிடக் கூடுவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்த இரண்டு மணிநேரம் அது. கடையில் வாங்கிய ஒரு கேக், கூடவே நீங்கள் கிண்டிய ரவா கேசரி, சுண்டல், நம் ஃபில்டர் காபி. டவராவில் ஆற்றிக் காட்டினால் அரை மணி நேரப் பேச்சு தானே வந்துவிடும். சாப்பாட்டுக்கு அழைக்கும்போது சைவமா, பால்கூடச் சேர்க்காதவரா, ஒவ்வாமை உண்டா, காரம் எவ்வளவு தாங்குவார்கள் என்று முன்பே கேளுங்கள். கேட்பதை மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விருந்தினர் வேண்டாம் என்ற பிறகு இன்னொரு கரண்டி வைப்பது நம் பாசம்; அவர்களுக்கு அது நெருக்கடி. மறுபுறம், நீங்கள் விருந்தினராகப் போய் நாகரிகத்துக்காக முதல் முறை வேண்டாம் என்றால், இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். பசியோடு திரும்ப வேண்டியதுதான். பசித்தால் முதல் முறையே சரி என்று சொல்லுங்கள். வரும்போது ஒயின் பாட்டில் கொண்டுவருவார்கள். குடிக்காதவர்கள் என்றால் அழைக்கும்போதே இயல்பாகச் சொல்லிவிடுங்கள். உணவகத்தில் பில் சேர்த்தா, தனித்தனியா என்று பரிமாறுபவர் கேட்பார். தனித்தனியாகக் கொடுப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள்கூட முன்னதாகச் சொல்லாதீர்கள். அது கெட்ட சகுனம் என்பது அங்குள்ள நம்பிக்கை. அலுவலகத்தில் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அதை ஒரு முறை செய்துவிட்டால் பக்கத்து அறை ஆட்களும் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

ஆறாம் படி: தமிழ் வட்டம்

தமிழில் பேச ஆள் வேண்டும் என்ற தவிப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் ஒரே அலுவலகத்து ஆட்களும் அவர்கள் குடும்பங்களும் மட்டுமே கொண்ட வாட்ஸ்அப் குழு போதும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே அலுவலகப் பதவியே வீட்டு விருந்திலும் உட்கார்ந்திருக்கும். கணவரின் மேலாளருடைய மனைவியிடம் எவ்வளவு மனம்விட்டுப் பேச முடியும்?

ஜெர்மனியில் தமிழ் வாழ்வு நம் கணினித்துறை ஆட்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியது. 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய வாழ்வு அது. ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் கோடைகாலத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல பக்கங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் தமிழாலயங்கள் பல நகரங்களில் நடக்கின்றன. முருங்கைக்காயும் வாழைக்காயும் விற்கும் கடைக்காரர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவராக இருப்பார். அவரிடம் காய் வாங்கிக்கொண்டு ஓடாமல் நின்று பேசுங்கள். அண்ணா, அக்கா என்று உறவு தொடங்கிவிடும். வாடகை வீடு, மருத்துவர், பள்ளி பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் கிடையாது. இழப்புகளைச் சுமந்து வந்தவர்கள் என்பதை மட்டும் மறவாதீர்கள். "ஊருக்கு எப்போது திரும்புவீர்கள்" என்று நம் கணக்கில் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழாலயத்துக்கு ஆண்டு விழாவில் உதவ ஆள் தேவைப்படும். பிள்ளை இல்லாத இளம் தம்பதி போய் நாற்காலி அடுக்கினால் அன்போடு சேர்த்துக்கொள்வார்கள்.

ஏழாம் படி: குளிர்காலத்துக்கு அக்டோபரிலேயே ஏற்பாடு

பெர்லினில் டிசம்பர் கடைசியில் பகல் ஏழரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். ஜூனில் பதினேழு மணி நேரத்தை நெருங்கும். கோடையில் தானாக நடக்கும் சந்திப்புகள் குளிரில் நடக்காது. எனவே அக்டோபரிலேயே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாரத்துக்கு ஒன்று என்று காலண்டரை நிரப்புங்கள்: ஒரு வாரம் விளையாட்டு மாலை, ஒரு வாரம் யாரோடாவது சேர்ந்து சமையல், ஒரு வாரம் நீச்சல்குளம்.

டிசம்பர் 24 பிற்பகலில் கடைகள் மூடிவிடும். 25, 26 விடுமுறை. அது குடும்பத்துக்கான நேரம் என்பதால் ஜெர்மன் நண்பர்கள் அழைக்காமல் இருப்பது இயல்பு. மொழி வகுப்பில் ஊருக்குப் போகாமல் தங்கியிருப்பவர்களைக் கணக்கெடுத்து 25ஆம் தேதி உங்கள் வீட்டில் சாப்பாடு போடுங்கள். அந்த ஒரு நாளில் உருவாகும் நெருக்கம் ஆறு மாத வகுப்பில் வராது.

ஊருக்குப் பேசும் நேரத்தையும் முறைப்படுத்துங்கள். கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை. குளிரில் நீங்கள் மாலை ஆறுக்கு அழைத்தால் அம்மாவுக்கு இரவு பத்தரை. ஞாயிறு காலை பத்துக்கு அழைத்தால் அங்கே மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும் நேரம். வாரத்தில் இரண்டு நேரங்களை இரு குடும்பத்தாரிடமும் சொல்லி நிலைப்படுத்திவிட்டால், மாலைகள் இங்குள்ள மனிதர்களுக்கு மிஞ்சும். தினமும் இரவு இரண்டு மணிநேரம் வீடியோ அழைப்பில் இருக்கும் வீட்டுக்குள் புது நட்பு நுழைய இடம் ஏது?

எட்டாம் படி: இருவருக்கு நடுவே

ஊரில் சண்டை வந்தால் சமாதானம் செய்ய அத்தை இருப்பார், இரண்டு நாள் போய் இருக்க அம்மா வீடு இருக்கும். இங்கே நாற்பது சதுர மீட்டர் வீட்டில் இருவர் மட்டும். அதனால்தான் ஆளுக்கொரு சொந்த நட்பு வேண்டும் என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேன். துணையே தோழர், துணையே பெற்றோர், துணையே பொழுதுபோக்கு என்றால் எவரும் அந்தச் சுமையைத் தாங்க மாட்டார்கள். மாலையில் சோர்ந்து வருகிறவர் பேச மறுப்பதையும், பகலெல்லாம் பேசாமல் இருந்தவர் பேசத் துடிப்பதையும் இருவரும் வெளிப்படையாகப் பேசி, வந்ததும் அரை மணி ஓய்வு, பிறகு கைபேசி இல்லாமல் சாப்பாடு என்பது போல ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எண்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு 112, போலீஸ் 110. மருத்துவமனை வேண்டாம், ஆனால் இரவில் மருத்துவர் வேண்டும் என்றால் 116117. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 116016: இலவசம், இருபத்துநான்கு மணிநேரமும் பல மொழிகளில் உதவுகிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. விசா கணவர் பெயரில் இருப்பதால் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பெண்ணும் நினைக்க வேண்டாம். அந்த எண்ணில் இதற்கும் வழி சொல்வார்கள்.

ஒன்பதாம் படி: கிளம்பும்போது

வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அதே மூன்று மாத அவகாசத்தை நண்பர்களுக்கும் கொடுங்கள். கடைசி வாரத்தில் ஒரே பெரிய விருந்து வைத்து எல்லாரையும் வழியனுப்புவதைவிட, முக்கியமான ஐந்தாறு பேரோடு தனித்தனியே ஒரு மாலை உட்காருவது நல்லது. கூட்டத்தில் யாரோடும் பேச முடியாது. சைக்கிள், அலமாரி, கிரைண்டர் எல்லாவற்றையும் விளம்பரம் செய்து விற்பதற்கு முன், புதிதாக வந்திருக்கும் தம்பதி யாராவது இருக்கிறார்களா என்று வகுப்பிலும் கோயிலிலும் கேளுங்கள். சாமானோடு சேர்த்து மூன்றாம் மாடி அம்மாவின் அறிமுகத்தையும் அவர்களுக்குக் கொடுக்கலாம்.

முகவரிப் பதிவை நீக்கும் வேலையைக் கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிலிருந்து செய்யலாம். வீட்டைக் காலி செய்த பிறகு இரண்டு வாரம் வரை அவகாசம் உண்டு. அந்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். காப்பீடு, இணைய இணைப்பு, ஒலிபரப்புக் கட்டணம் எல்லாவற்றையும் முடிக்க அதைக் கேட்பார்கள். வாடகை முன்பணம் திரும்பிவரச் சில மாதம் ஆகலாம். தண்ணீர், வெப்பமூட்டல் செலவின் இறுதிக் கணக்கை, கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் உரிமையாளர் அனுப்பலாம். ஆகவே ஜெர்மன் வங்கிக் கணக்கை உடனே மூடாதீர்கள். உங்களுக்காகத் தபால் வாங்கவும் உரிமையாளரிடம் பேசவும் நண்பர் ஒருவருக்கு இருவரும் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுங்கள். அவர் முகவரிக்குத் தபாலைத் திருப்பிவிடும்போது, அவருடைய தபால்பெட்டியிலும் உங்கள் இருவர் பெயரையும் ஒட்டச் சொல்ல மறந்துவிட வேண்டாம்.